பின்னால் நின்று பிடித்தவள்

இன்று காலை உன் பாட்டிலைத் திறந்தேன். இருமல் மருந்து வந்த அதே பழுப்புப் பாட்டில். மூடி கழன்றால் பையெல்லாம் எண்ணெயாகிவிடும் என்று நீ சுற்றி வைத்திருந்த ரப்பர் பேண்டு இற்றுப்போய், தொட்டதும் அறுந்துவிட்டது. அடியில் ஒரு விரற்கடை, ஜெபத்துக்கு வைக்கிற ஒலிவ எண்ணெய் கிடந்தது. மோந்து பார்த்தேன். லேசாகச் சிக்கு வாடை, அதற்கு உள்ளே அந்தப் பழைய வாசனை. சமையல் மேடை ஓரமாக நின்றிருந்த எனக்குத் தலை தானாகக் குனிந்துவிட்டது. பின்னாலிருந்து என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அதி பாடைபோயிந்தி,” என்றாள். கெட்டுப்போயிற்று என்பது அவளுக்குத் தெலுங்கில்தான் வாயில் வரும். “புதுசு ஷெல்ப்ல இருக்கு, எடுத்துக்கோ.” புதுசு என்று அவள் சொல்வது, வெள்ளரிக்காய்த் துண்டுகள் மேல் ஊற்றிச் சாப்பிடுவதற்காக அவள் வாங்கி வைத்திருக்கும் ஆலிவ் ஆயிலை. நாமெல்லாம் ஒரு சொட்டு நெற்றியில் படுவதற்கு வரிசையில் நின்றோம், இந்தப் பிள்ளை கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொள்கிறது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீயாக இருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

ஆனாலும் அவள் சொன்னதைத்தான் செய்தேன். பழையதைக் கொட்டவில்லை. அதன் மேலேயே புது எண்ணெயை ஊற்றிக் குலுக்கினேன். நீ அப்படித்தானே செய்வாய். அந்தப் பாட்டிலை ஒருநாளும் காலியாக விட்டதில்லை நீ. “உறை ஊத்துற மாதிரிடி, பழசு கொஞ்சம் அடியில இருக்கணும்” என்பாய்.

சாயந்திரம் நாலு மணிக்கு ரூபி அக்கா வருகிறாள். அவளிடம் சொல்லச் சொல்லி நீ என்னிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாய். நீ போய் இரண்டு வருஷமாகிறது, நான் இன்னும் சொல்லவில்லை. இன்றைக்காவது சொல்வேனா என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் கறிகாய் நறுக்குவதை விட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது ஜெபத்தில் இல்லை, ப்ளவுஸில். பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து நாலாவது வருஷம். மௌலா அலியில் உங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வாடகை வீடு. தமிழ் பேசுகிற தையற்காரி இருக்கிறாள் என்று யாரோ சொல்லித் துணியோடு வந்தேன். நீ டேப்பை என் இடுப்பில் சுற்றினாய். நான் வழக்கம்போல வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன்.

“இன்னாமா, மூச்சைப் புடிச்சினு நிக்கற? இப்டி அளவெடுத்தா நாளைக்கு ஊக்கு போட முடியாது. சும்மா நில்லு, நீ எப்டி இருக்கியோ அப்டியே நில்லு.”

எனக்கு அவமானமாகப் போயிற்று. பேச்சை மாற்ற, பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை, லென்ஸ் வைத்துப் பற்றவைத்த இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பேன் என்று சொன்னேன். “அட, இன்ஸ்பெக்டரம்மா” என்றாய். அன்றைக்கு ஒட்டிய பேர், கடைசி வரை போகவில்லை. ஒரே வயது நமக்கு. சபையில் எல்லாரும் உன்னை சிஸ்டர் என்றார்கள். நான் மட்டும் ‘ஏட்டி’ என்று கூப்பிட்டேன், உனக்கும் அது பிடித்திருந்தது. உன் தாத்தா அரக்கோணத்திலிருந்து ரயில் வேலைக்கு வந்தவர். உன் தமிழில் பாதி இந்த ஊர் உருது: வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, ஏன் என்பதற்கு ‘கைக்கு’. நான் பேசினால் நீ சிரிப்பாய், நீ பேசினால் நான் சிரிப்பேன்.

ஸ்டேஷன் சுவரை ஒட்டிய அந்தத் தகரக்கூரை ஜெப வீட்டுக்கு நீதான் என்னை இழுத்துப்போனாய். சனிக்கிழமை மத்தியானம் உபவாச ஜெபம். நான் வளர்ந்த வேதக்கோயிலில் எழுந்திருக்க வேண்டிய இடத்தில் எழுந்து, உட்கார வேண்டிய இடத்தில் உட்காருவோம். இங்கே அழுகிறார்கள், கை தட்டுகிறார்கள், பாய் மேல் விழுகிறார்கள். முதல் நாள் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட இருந்தேன். அப்போது பாஸ்டர் ஐயா பிரசங்கத்தை முடித்துவிட்டு உன்னைப் பார்த்தார். நீ தையல் மிஷினை விட்டு எழுந்து வருகிறவள் போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாய்.

மேடைகளில் இதைச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மைக்கும் வேர்வையுமாக. நீ அப்படி ஒன்றும் செய்யவில்லை. முன்னால் வந்த பெண்ணிடம் முதலில் “மாத்திரை போட்டியா?” என்று கேட்டாய். அவள் இல்லை என்றதும் ஒரு டம்ளர் தண்ணீர் வரவழைத்து, மாத்திரையைப் போட வைத்தாய். பிறகு “இன்னா வேணும்?” என்றாய். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ அவசரப்படாமல் காத்திருந்தாய். ஊசி குத்திக் குத்திக் காய்ப்பு ஏறிய விரலில் எண்ணெயைத் தொட்டு அவள் நெற்றியில் வைத்தபோது ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. நீ ஜெபத்தை நிறுத்திவிட்டாய், கையை எடுக்கவில்லை. கடைசிப் பெட்டி போய், தகரம் அதிர்வது நின்று, ஊரே அமைதியானது. அந்த அமைதியில் அந்தப் பெண்ணின் தோள் இரண்டும் இறங்குவதை நான் பார்த்தேன். செருப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் எனக்கு ஒரு வேலை கொடுத்தாய். ஜெபத்தில் பரிசுத்த ஆவி இறங்கி, அபிஷேகத்தில் சாய்கிறவர்களைப் பின்னால் நின்று பிடிக்கிற வேலை. அதற்கு நீ சொன்ன பாடம் இரண்டு நிமிஷம்தான். ஒரு காலை முன்னே வை. இடுப்பைப் பிடிக்காதே, அக்குளுக்குக் கீழே கை கொடு. இழுக்காதே, பாரம் வந்தால் வாங்கு, வராவிட்டால் சும்மா நில். கடைசியாக ஒன்று: “எல்லாரும் கண்ணை மூடிக்கலாம். பின்னாடி நிக்கறவ மட்டும் மூடக் கூடாது.”

ஆறு வருஷம் அந்த வேலை பார்த்தேன். மௌலா அலித் தமிழ்ப் பெண்களை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கொண்டை, ஊக்கு, கழுத்துச் சங்கிலியின் கொக்கி எல்லாம் எனக்கு அத்துப்படி. முகம் தெரியாது. கடைத்தெருவில் எதிரே வந்து “பிரைஸ் த லார்டு” என்பார்கள், யாரென்று முழிப்பேன். திரும்பி நடந்தால்தான் பேர் ஞாபகம் வரும்.

ஒரு சனிக்கிழமை வந்த தெலுங்குக்கார அம்மாளை நினைத்துக்கொள்கிறேன். மகளைப் பறிகொடுத்து நாற்பது நாளாகிறது, ஒரு பொட்டுத் தூக்கமில்லை என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். நீ கை வைத்த மாத்திரத்தில் சாய்ந்தாள். இறகு மாதிரி இருக்கும் என்பார்கள் நம் ஆட்கள். பொய். அரிசி மூட்டை மாதிரி வந்து விழுந்தாள் என் கையில். பாயில் கிடத்தினேன். கொஞ்ச நேரத்தில் கொர்ரென்று குறட்டை. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீ திரும்பி ஒரு பார்வை பார்த்தாய். “யாரும் பாயைச் சுருட்ட நக்கோ. எழுந்துக்கற வரிக்கும் இங்கயே இருப்போம்” என்றாய். கூட்டம் முடிந்தும் ஒருவரும் போகவில்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் மூன்று வண்டி போயிற்று, அவள் அசையவில்லை. மாலை வெயில் கதவு வழியாக வந்து அவள் காலைத் தொட்டபோது கண்ணைத் திறந்து, “ஆகலேஸ்துந்தி” என்றாள். பசிக்கிறதாம். நாற்பது பேர் அழுதோம். தேவன் ஒருத்தியைத் தூங்க வைத்ததை உட்கார்ந்து பார்த்த கூட்டம் அது.

ஆனால் எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதை மறைப்பானேன். எத்தனை தடவை நீ என் நெற்றியில் எண்ணெய் வைத்தாய். மற்றவர்கள் சூடு என்கிறார்கள், உடம்பெல்லாம் கரண்டு பாய்ந்தது என்கிறார்கள். எனக்கு எண்ணெய் புருவத்தில் வழிந்து கண் எரியும், அவ்வளவுதான். “எனக்கு ஏன்ட்டி வரமாட்டேங்குது?” என்று உன் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நூலைப் பல்லில் கடித்தபடியே சொன்னாய்: “நீ அளவு குடுக்கறப்ப மூச்சைப் புடிச்சினு நின்ன மாதிரியே ஜெபத்துலயும் நிக்கற. கரண்டு வந்துச்சா, வரலையான்னு லென்ஸ் வெச்சுப் பார்த்துனு இருந்தா எப்டிடி?” எனக்கு ரோஷம் வந்து இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பதினோரு வருஷம் முந்தி.

ரூபி அக்கா உன் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி இருந்தாள். ஒர்க்‌ஷாப் ஃபிட்டரின் மனைவி, வாயாடி, கையில் எப்போதும் ஒரு முறுக்கு. ஒற்றைத் தலைவலி என்று அன்றைக்கு முன்னால் வந்தாள். நான் பின்னால் நின்றேன். நீ கை வைத்ததும் ரூபி அக்காவின் உடம்பு ஆடத் தொடங்கியது. அப்போது என் முகத்திலும் ஏதோ பட்ட மாதிரி இருந்தது. காற்றாகக்கூட இருக்கலாம். இத்தனை வருஷம் மற்றவர்களுக்காக நின்றேனே, இன்றைக்காவது என் பங்கு வரட்டும் என்று ஒரு ஆசை. ஆசைகூட இல்லை, பேராசை. நான் கண்ணை மூடினேன்.

சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். ரூபி அக்கா பெஞ்சின் முனையில் தலை அடித்துக் கீழே கிடந்தாள். உச்சியில் ரத்தம். நீ உன் முந்தானையால் அழுத்திப் பிடித்து ஆட்டோவில் கொண்டுபோனாய். நாலு தையல்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அபிஷேகத்தில் விழுகிறவர்களுக்கு அடி படாது, தூதர்கள் தாங்குவார்கள் என்பது நம் சபையில் எல்லாருக்கும் மனப்பாடம். அப்படியானால் அடி பட்டவள் அபிஷேகத்தில் விழவில்லை, நடித்திருக்கிறாள். கணக்கு அவர்களுக்குச் சுலபமாக முடிந்தது. என்னிடம் வந்து கேட்டார்கள், நீதானே பின்னால் நின்றாய், என்ன நடந்தது என்று. நான் சொன்னேன்: “கையை நீட்டதுக்குள்ள பொத்துன்னு விழுந்துட்டாவ.” அவ்வளவுதான் சொன்னேன். அதுவே போதுமாக இருந்தது. நிஜமாக விழுகிறவர்கள் மெதுவாகத்தானே சாய்வார்கள், பொத்தென்று விழுந்தால் நடிப்புதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ரூபி அக்கா தண்ணீர்க் குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். மூன்று வாரம் பார்த்தாள். நாலாவது வாரம் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் வாய் திறக்கவில்லை. முதலில் பயம், அப்புறம் வெட்கம், அப்புறம் பழகிப்போயிற்று.

நீ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை போனால் ஜெப வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள். “தப்பு நம்ம பேர்ல. இனிமே உக்காந்துதான் ஜெபம். கைக்கு நிக்கணும்?” என்று சொல்லிவிட்டாய். உட்கார்ந்தால் அபிஷேகம் எப்படி இறங்கும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். இறங்கத்தான் செய்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதார்கள், தோள் இறங்கி, லேசாகி எழுந்து போனார்கள். பிடிக்கிற வேலைக்கு ஆள் தேவைப்படவில்லை. என் கையில் இந்தப் பாட்டிலைக் கொடுத்து, “இதைப் புடி” என்றாய். ஒன்பது வருஷம் பிடித்தேன்.

பிறகு உனக்கே வந்தது. கணையத்தில் கட்டி என்றார்கள். இத்தனை பேருக்கு ஜெபித்தவளுக்கு ஏன் இப்படி என்று வருகிறவர்களெல்லாம் உன் கட்டிலருகே நின்று கேட்டார்கள். உனக்கு அலுப்புத்தான் வந்தது. “துணி என்னுதா? யார் யாருதோ துணி, நான் தெச்சுக் குடுத்தேன். டெய்லர்னா கிழியாத ரவிக்கைதான் போட்டுப்பாளா?” என்றாய். நர்ஸ் பெண் சிரித்துவிட்டாள்.

அந்த மத்தியானம் வார்டில் நாம் இரண்டு பேர்தான். “ஏய், பாட்டிலை எடு. எனக்கு வெய்” என்றாய். பாஸ்டர் ஐயா வெளியே டீ குடிக்கிறார், கூப்பிடுகிறேன் என்றேன். “நக்கோ. நீதான்.” “நானாட்டி? எனக்கு ஒண்ணும் வந்ததில்லையே.” “ஹவ், நீதான்.”

மூடியைத் திறந்தேன். அந்த வாசனை வந்ததும் எனக்குள் இருந்தது எல்லாம் உடைந்துவிட்டது. “அன்னைக்கு நான் கண்ணை மூடிட்டேன்ட்டி. ரூபி அக்கா விழுந்தப்ப நான் பார்க்கவே இல்லை” என்று சொல்லிவிட்டேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். “தெரியும்” என்றாய். “நான் தொறந்துனுதானே இருந்தேன்.”

ஒன்பது வருஷம் தெரிந்துகொண்டே என் கையில் பாட்டிலைக் கொடுத்து வைத்திருந்தாய். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “உன்னை மாட்டிவுட மனசு வர்ல. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். அது என் தப்பு. ரெண்டு பேரும் சேர்ந்து அவளை வுட்டுட்டோம்.” மூச்சு வாங்கியது உனக்கு. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாய்: “ரூபி நெஜமாத்தான் வுழுந்தா. மொகத்தை நான் பார்த்தேன். பால் குடிச்சுட்டுத் தூங்கற கொழந்தை மொகம். அடி படறதுக்கு முந்தியே அவ தன்னை மறந்து போய்ட்டா. இதை அவளாண்ட சொல்லு. உன் வாயால சொல்லு.”

பிறகு, “இப்ப வெய். கண்ணை மூடாதே” என்றாய்.

என் வாழ்க்கையில் அதுவரை முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு முதன்முதலாக முன்னால் நின்றேன். உன் நெற்றியில் எண்ணெய் வைத்தேன். என்ன ஜெபித்தேன் என்று ஞாபகமில்லை, பாதிக்கு மேல் அழுகை. ஆனால் பார்த்தேன். வலியில் முடிச்சுப் போட்டிருந்த உன் புருவம், சிக்கெடுத்த நூல் மாதிரி ஒவ்வொன்றாகப் பிரிந்தது. முகம் சின்னதாகிக்கொண்டே வந்து, நான் பார்த்தேயிராத சிறுபிள்ளை முகம் ஒன்று வந்தது. அறையில் என்னைத் தவிர, உன்னைத் தவிர வேறு யாரோ இருப்பது போல இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நீ கண்ணைத் திறந்து, “ரசம் சாதம் கிடைக்குமாடி?” என்றாய். கட்டி கரையவில்லை. ஒன்பது நாளில் நீ போய்விட்டாய். ஆனால் அந்த ஒன்பது நாளும் வலிக்கு நீ கத்தவில்லை, அதை நர்ஸ் பெண் என்னிடம் இரண்டு தடவை வந்து சொன்னாள்.

நான் ரூபி அக்காவிடம் சொல்லவில்லை. அவள் மகனோடு, நான் இப்போது இருக்கிற இந்த லோத்குண்டாவுக்கே குடி வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டும் போகவில்லை. ஒருநாள் காய்கறிக் கடையில் முன்னால் நின்றாள். முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கொண்டை மட்டும் வெளுத்திருந்தது. தக்காளியைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். ஐம்பதை எட்டப்போகிற பொம்பளை, திருடி மாதிரி ஓடினேன்.

முந்தாநாள் அவளே போன் பண்ணினாள். மார்பில் கட்டியாம், திங்கட்கிழமை ஆபரேஷனாம். “அவ இருந்தா அவளாண்ட போயிருப்பேன். அவ பாட்டில் உங்கிட்ட இருக்காமே. நீ வந்து வெக்கறியா, நான் வரட்டுமா?” என்றாள். வாங்க என்றேன். மணி பதினொன்றாகிறது. சமைக்கப் போகிறேன்.

அது காலையில் எழுதியது. இப்போது மணி ஏழாகப்போகிறது. மகள் அவள் அறையில் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். ரூபி அக்கா போய் அரை மணி ஆகிறது.

நாலு மணிக்கு முன்பே வந்துவிட்டாள். ஒரு சம்புடம் நிறைய முறுக்கு. எதிரே உட்கார வைத்து டீ கொடுத்தேன். அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாட்டிலை எடுத்து நடுவில் வைத்தேன். “அக்கா, எண்ணெய் வைக்கதுக்கு முந்தி நான் ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு வேண்டாம்னா போயிருங்க” என்றேன். சொன்னேன். கண்ணை மூடினதை, பொத்தென்று விழுந்தாள் என்று நான் சொல்லி வைத்ததை, அதிலிருந்துதான் நடிப்பு என்ற பேச்சு கிளம்பியதை, ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு நீ கொடுத்ததைச் சொன்னேன். பால் குடித்துவிட்டுத் தூங்குகிற குழந்தை முகம் என்று நீ சொன்னதை, உன் வார்த்தையிலேயே.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “பதினோரு வருஷம்மா” என்றாள். எழுந்து பால்கனிக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த முதுகை எனக்குத் தெரியும். எந்த நேரமும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். போனாலும் நியாயம்தான். திரும்பாமலே பேசினாள்.

“எல்லாரும் நடிச்சேன்னாங்களா, எனக்கே சந்தேகம் வந்துட்சு. நெஜமாவே நடிச்சிட்டனோ, எனக்கே தெரியாம நடிச்சிட்டனோன்னு. இங்க ஒரு சபைக்குப் போறேன். கடைசி பெஞ்சு. ஜெபத்துக்கு முன்னாடி வாங்கன்னு கூப்புடுவாங்க, ஒருநாளும் போனதில்ல. போனா மறுபடியும் நடிச்சிடுவனோன்னு பயம். அன்னைக்கு அந்தத் தலைவலி போனது போனதுதான்மா, அப்புறம் வரவேயில்ல. அதைக்கூட யாராண்டயும் சொல்லிக்கல.”

ஒருத்திக்குத் தேவன் கொடுத்ததை நான் பிடுங்கி வைத்திருந்தேன். அடி பட்டதைவிட அது பெரிய அடி. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொண்டையைத் தளர்த்திவிட்டாள். “வெய்” என்றாள்.

“மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டேன். போட்டேன் என்றாள். “என்ன வேணும்க்கா?” “பயம் போணும். வேற ஒண்ணும் வேணாம்.” எண்ணெயைத் தொட்டு நெற்றியில் வைத்து, உச்சியில் கை வைத்தேன். நரைத்த முடிக்கு நடுவில் என் விரல் அந்தத் தழும்பின் மேல் பட்டது. மேடாக, வழுவழுவென்று, முடி முளைக்காத இடம். கையை எடுத்துவிடலாமா என்றிருந்தது. எடுக்கவில்லை. வண்டி போகிறபோது நீ கையை வைத்துக்கொண்டு நிற்பாயே, அப்படி நின்றேன். கண்ணை மூடவில்லை. அவள் தோள் இரண்டும் இறங்கின. முகம் அவிழ்ந்தது. நீ பார்த்தது என்னவென்று பதினோரு வருஷம் கழித்து நானும் பார்த்தேன். பயந்துபோனேன். பக்கத்தில் தேவன் நிற்கிறபோது பயப்படாமல் என்ன செய்வது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “நீ உக்காரு” என்றாள். நானா என்றேன். “ஹவ்” என்றாள், அச்சு அசல் உன் மாதிரியே. என்னைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, உன் பாட்டிலிலிருந்து எண்ணெயைத் தொட்டு என் நெற்றியில் வைத்தாள். இடது கையை என் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோய்த் தலையைத் தாங்கிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவள் எங்கே விழப்போகிறேன். ஆனாலும் கெட்டியாகத் தாங்கினாள். “பயப்படாதே, நான் பார்த்துக்கறேன், நீ கண்ணை மூடிக்கோ” என்றாள்.

மூடினேன். கரண்டு ஒன்றும் வரவில்லை. எண்ணெய் புருவத்தில் வழிந்து வழக்கம்போலக் கண் எரிந்தது. நீ முதன்முதலில் என் இடுப்பில் டேப்பைச் சுற்றினாயே, அன்றைக்கு இழுத்துப் பிடித்த மூச்சை அவள் கையில் தலையை வைத்துக்கொண்டு விட்டேன். எவ்வளவு நேரம் விட்டேன் என்று தெரியாது.

திங்கட்கிழமை நானும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பாட்டிலுக்குப் புது ரப்பர் பேண்டு போட்டாயிற்று. பிடரியில் அவள் கை இருந்த இடம் இன்னும் சூடாக இருக்கிறது.